முதலில் நீ மட்டும்

லா ஸ்பெசியா
9 மார்ச் 2014

யூதெல்கா,

இதை உனக்காக எழுதவில்லை. தூதரகக் கோப்புக்காக எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் பாப்போதான், நீ இல்லை. சாந்தோ தொமிங்கோவில் எங்கள் தூதரகத்துக்கு எதிரே மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசா கேட்டு வருகிறவர்களுக்கு யோசனை விற்கிற அந்த ஆசாமி, என் பெண்டாட்டிக்கு நான் எப்படிக் காதல் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்கு மாதிரி அனுப்பியிருக்கிறான். "என் உயிரின் விடியலே" என்று தொடங்க வேண்டுமாம். கையால் எழுத வேண்டுமாம். தபால் முத்திரை தெளிவாக விழ வேண்டுமாம். ஆளுக்கு ஐந்தாறு கடிதம் சேர்ந்ததும் கட்டாகக் கட்டி உள்ளே கொடுத்தால், நம் கல்யாணம் உண்மை என்று அதிகாரிகள் நம்பிவிடுவார்களாம்.

மூன்று முறை முயன்று பார்த்தேன். விடியலைத் தாண்டிப் பேனா நகரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

நான்தான் கெடுத்தேன் என்று போனில் நீ திரும்பத் திரும்பச் சொல்கிறாய். ஒரு முறை காகிதத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நம் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து விசாரித்தார்கள். "ஏன் கல்யாணம் செய்துகொண்டீர்கள்?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். "விசாவுக்காக" என்றேன். உண்மைதானே? மன்சானில்லோ துறைமுகத்தில் வாழைப்பழக் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கக் கம்பெனி என்னை அனுப்பிய அந்த ஒரு வருஷமும் நான் உன் வீட்டில்தான் இருந்தேன். உன் ஊர் மாவோவில் எல்லோரும் உன்னை என் மனைவி என்றுதான் சொன்னார்கள். யாரும் காகிதம் கேட்கவில்லை. கேட்டது இத்தாலி மட்டும். அதற்காகத்தான் பதிவு அலுவலகம் போனோம். பெட்டி ஏன் நின்றது என்று கேட்டால் காரணத்தைச் சொல்கிற தொழில் என்னுடையது. காரணத்தைச் சொன்னேன். கோப்பை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

இங்கே மழை. இதே ஊரில் வேலை செய்கிற உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதுல சமைச்சுத்தான் உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டார். பச்சை வாழைக்காயை மசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். உப்பு அதிகம்.

சீக்கிரம் பதில் எழுது. கோப்புக்கு வேண்டும்.

இவானோ


மாவோ
6 ஏப்ரல் 2014

என் உயிரின் விடியலே,

முகம் சுளிக்காதே. முதல் வரி பாப்போவுக்கு, மீதி உனக்கு.

உன் கடிதம் வந்து பல நாளாகிவிட்டதாம். எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது. முகவரியில் வீட்டு எண் எழுதியிருக்கிறாய், இவானோ! ஒரு வருஷம் இங்கே குடியிருந்தவன் செய்கிற வேலையா? இந்தத் தெருவில் எண் யாருக்குத் தெரியும்? தபால்காரன் மூலைக் கடையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். கடைக்காரர் அதைப் பீர்ப் பெட்டி மேல் வைத்திருந்தார். பிரிக்கவில்லை என்று கன்னிமாதா மேல் சத்தியம் செய்கிறார். ஆனால் நான் காசு கொடுக்கும்போது, "வாழைக்காய்ல உப்பு அதிகமாமே?" என்று கேட்டார். அடுத்த முறை "கடைக்கு எதிரே, பச்சை இரும்புக் கதவு" என்று எழுது.

காரணத்தைச் சொன்னாயாம். நல்லது. பெட்டி பேசாது, அதிகாரி கோப்பில் எழுதுவாள். நானோ எல்லாவற்றையும் சரியாகச் சொல்லித்தான் கெட்டேன். பாப்போ எனக்கு இரண்டு நாள் பாடம் நடத்தினான். நீ கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பாய், காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை, உன் அப்பா எந்த மாதம் பிறந்தார், எல்லாம் கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் மூச்சு விடுங்க" என்றாள். பக்கத்து அறையில் நீ "விசாவுக்காக" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நல்ல ஜோடி.

போன வாரம் கோப்பு என்னவாயிற்று என்று கேட்க மறுபடியும் தலைநகரம் போனேன். பேருந்தில் உன் தொழில்காரன் எவனோ குளிர்சாதனத்தை வாழைப்பழத்துக்கு வைப்பதுபோல் வைத்திருந்தான். ஈரத் துண்டைப் போர்த்தியது மாதிரி குளிர்ந்தது. வரிசையில் எனக்கு முன்னால் தொப்பி போட்ட ஒரு பெரியவர், சரித்திர வாத்தியார் போலிருக்கிறது, எல்லோருக்கும் பாடம் நடத்தினார்.

"நம்ம கடற்படைக்கு முதல் தளபதியே ஜெனோவாக்காரன், தெரியுமா? கப்பலோட வந்தான். அவன்கிட்ட யாராவது விசா கேட்டாங்களா?"

பின்னால் நின்ற பையன், "பெரியவரே, எங்கிட்டயும் கப்பல் இருந்தா கேக்க மாட்டாங்க" என்றான்.

"சிரிக்காதடா. நாற்பத்தொண்ணுல நாம இத்தாலி மேல போர் அறிவிச்சோம். எங்கப்பா ரேடியோவுல கேட்டாரு."

"யாரு ஜெயிச்சா?"

"இந்த வரிசையப் பாத்தா தெரியல?"

வரிசை முழுவதும் சிரித்தது. காவலாளிகூடச் சிரித்தான். ஜன்னலில், "காத்திருங்கள்" என்றார்கள்.

கிறிஸ்மேலி வழக்கு மார்ச்சில் முதல் முறையாக வந்தது. ஏழு வயது மகளை நான் நாட்டைவிட்டுக் கூட்டிப்போக அப்பன் கையெழுத்து வேண்டும். அவளுடைய அப்பன் அவள் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே போர்ட்டோ ரீக்கோவுக்குத் திருட்டுப் படகு ஏறினான். போய்ச் சேர்ந்தானா, வழியிலேயே போனானா என்று இன்றுவரை ஒரு சேதி இல்லை. என் ஒரு கையெழுத்தே போதும் என்று நீதிபதி உத்தரவிட வேண்டும். அவரோ, அப்பனுக்கு அறிவிப்புப் போய்ச் சேரவில்லை என்று ஒத்திவைத்துவிட்டார். அறிவிப்பை எங்கே அனுப்ப? கடலுக்கா?

தவக்காலம். சர்க்கரை போட்டுப் பீன்ஸ் பாயசம் காய்ச்சியிருக்கிறேன். பீன்ஸில் சர்க்கரை போடுவது குற்றம் என்று சொன்னவன் இங்கே இல்லாததால் எல்லாம் நிம்மதியாகக் காலியாகிறது.

யூதி


லா ஸ்பெசியா
24 ஆகஸ்ட் 2014

யூதி,

பச்சை இரும்புக் கதவு என்று எழுதியிருக்கிறேன். திருப்தியா?

போனில் நான் கத்தினேன். நீ பாதியில் வைத்தாய். இனி முக்கியமானதைக் காகிதத்தில்தான் எழுதப் போகிறேன். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

தூதரகத்தை மூடுகிறார்கள். வதந்தி இல்லை, செய்தித்தாளில் வந்துவிட்டது. டிசம்பர் கடைசியோடு சாந்தோ தொமிங்கோவில் இத்தாலித் தூதரகம் கிடையாது. செலவைக் குறைக்கிறார்களாம். கோப்பெல்லாம் பனாமாவுக்குப் போகிறது. துறைமுகத்தில் என்னோடு வேலை செய்கிற உங்கள் ஊர்க்காரன் ஒருவன், பனாமாவுக்குள் நுழையவே உங்கள் ஆட்களுக்கு விசா வேண்டும் என்கிறான். விசா கேட்கப் போவதற்கு ஒரு விசா. இதை வடிவமைத்தவன் என் கையில் கிடைத்தால் குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவேன். உன் தொப்பிக்காரப் பெரியவரிடம் சொல், அடுத்த பாடத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்: கப்பலோடு வந்த சொந்தம், வாடகை கட்டாமல் காலி செய்கிறது.

கேலி போதும். செய்ய வேண்டியது இது. மூடுவதற்கு முன்னால் உன் விசா உன் கடவுச்சீட்டில் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டாவது விசாரணை கேட்டு வக்கீலை வைத்து எழுதிவிட்டேன். செப்டம்பரில் கூப்பிடுவார்கள். பாப்போவின் பாடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகாதே. கடிதக் கட்டோடு ஜூலையில் நீ எனக்கு எழுதியதையும் வை. என்னை "உணர்ச்சியில்லாத ஸ்பானர்" என்று திட்டி மூன்று பக்கம் எழுதினாயே, அது. உன் கடிதங்களையெல்லாம் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், அதுவும் உள்ளே இருக்கிறது. காதலைப் பொய்யாக எழுதலாம், அந்த மாதிரித் திட்டை எவனும் பொய்யாக எழுத முடியாது. அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

இன்னொன்று. உன் அம்மா நேற்று வந்தார். கிறிஸ்மேலி வழக்கைப் பற்றிச் சொன்னேன். "கோர்ட்டு கெடக்கட்டும் மாப்பிள்ளை. முதல்ல அவ மட்டும் வரட்டும். புள்ள பின்னால வரும். நாங்கல்லாம் அப்படித்தானே வந்தோம்" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. ஒரு பெட்டிக்காகக் கப்பல் முழுவதையும் நிறுத்தி வைக்க முடியாது.

முதலில் நீ மட்டும் வா.

இவானோ


மாவோ
28 செப்டம்பர் 2014

இவானோ,

கடிதக் கட்டைக் கொண்டுபோனேன். ஜன்னலில் இருந்த பெண் முதல் கடிதத்தைப் பிரித்து, "என் உயிரின் விடியலே" என்று படித்துவிட்டு உள்ளே திரும்பி, "இன்னைக்கு இது எத்தனாவது விடியல்?" என்று கேட்டாள். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். பாப்போ எல்லா ஜோடிக்கும் ஒரே மாதிரியைத்தான் விற்றிருக்கிறான். வெளியே வந்து அவனைப் பிடித்தேன்.

"ஏன்டா, எல்லாருக்கும் ஒரே விடியலா?"

"அக்கா, சூரியன் ஒண்ணுதானே?" என்றான். அடிக்கக்கூட மனசு வரவில்லை. அவன் மரமும் டிசம்பரோடு போகிறது.

ஜூலைக் கடிதத்தை நான் வைக்கவில்லை. நான் திட்டியது உன்னை. இத்தாலி அரசாங்கத்தை இல்லை. அந்த மூன்று பக்கத்தை எழுதும்போது அழுதுகொண்டிருந்தேன். அதை ஒருத்தி முத்திரை குத்திக் கோப்பில் ஆணியடிக்கவா? இன்னொரு முறை கேட்காதே.

விசாரணையில் வேறு அம்மா. வயசானவள். முகம் பார்த்துப் பேசினாள். "சண்டை வருமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பாடம் எதுவும் ஞாபகம் வரவில்லை. நீ சாப்பிடும்போது போன் பார்ப்பது, குழாய் சொட்டினால் நடு ராத்திரி எழுந்து கழற்றுவது, என் அழுகைக்கெல்லாம் தீர்வு சொல்வது, மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் கடைக்குப் போய் அவோகாடோ வாங்கி வருவது, எல்லாம் வந்து விழுந்தது. அவள் எழுதிக்கொண்டே வந்து, "போதும்மா, புரியுது. என் வீட்டுலயும் ஒருத்தர் இருக்கார்" என்றாள்.

விசா கிடைக்கும் என்றாள். எனக்கு.

கிறிஸ்மேலி வழக்கு மறுபடியும் ஒத்திவைப்பு. இந்த முறை அரசு வழக்கறிஞருக்கு உடம்பு சரியில்லை.

முதலில் நான் மட்டும் வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு இப்போது பதில் எழுதவில்லை. பழம் கட்டும் கூடத்தில் இந்த வாரம் இரண்டு வேளையும் வேலை. கைகூட இனி என்னுடையது இல்லை.

யூதி


லா ஸ்பெசியா
19 அக்டோபர் 2014

யூதி,

கடவுச்சீட்டின் படத்தைப் பார்த்தேன். உன் பெயரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. நான் சத்தம் போட்டதில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையை இடித்தார்.

டிக்கெட் வாங்கிவிட்டேன். டிசம்பர் 14. வேறு நாள் பேச வேண்டாம், கிறிஸ்துமஸ் நெருங்கினால் இருக்கை கிடைக்காது.

கிறிஸ்மேலியைப் பற்றி நீ எழுதவில்லை. போனில் கேட்டால் "ம்" என்கிறாய். சரி, நானே யோசித்துவிட்டேன். உன் அத்தை மிலாக்ரோஸ் அதே தெருவில்தான் இருக்கிறார். பள்ளிக்கூடமும் பக்கம். வழக்கு நடக்கட்டும். தீர்ப்பு வந்ததும் அவள் கோப்பைப் பனாமாவில் கொடுப்போம். ஆறு மாதம், அவ்வளவுதான். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசலாம். உன் அம்மா காலத்தில் அதுகூடக் கிடையாது.

சின்ன அறைக்கு வெள்ளை அடித்தேன். மஞ்சள் வேண்டும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்ததும் அதன் மேலேயே மஞ்சள் அடித்தேன். ஜன்னல் தாழ்ப்பாளையும் மாற்றினேன், இரண்டாவது மாடி, பிள்ளை இருக்கிற இடம். உனக்குக் கனமான கோட்டு வேண்டும். உன் அம்மாவிடம் கேட்கிறேன்.

எல்லாம் தயார். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

இவானோ


மாவோ
16 நவம்பர் 2014

மதிப்பிற்குரிய இஞ்சினியர் இவானோ கொட்ஸானி அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் பயண ஏற்பாடும் கிடைத்தன. ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எங்கே வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது பழைய சாமான்.

எனக்கு ஏழு வயதில் என்னை மிலாக்ரோஸ் அத்தை வீட்டு வாசலில் நிறுத்தி அம்மா சொன்னது அதுதான். அப்போது இந்தத் தெருவில் பாதி வீட்டில் பெண்கள் இல்லை. உங்கள் ஊரில் கிழவர்களைக் குளிப்பாட்டப் போயிருந்தார்கள். எங்களைக் குளிப்பாட்ட அத்தைகள் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை அம்மா பெட்டி அனுப்புவாள். சோப்பு வாசனையோடு துணி, பொம்மை, செருப்பு. செருப்பு எப்போதும் ஒரு அளவு சின்னதாக இருக்கும். அவள் கடைசியாகப் பார்த்த காலுக்கு வாங்கியிருப்பாள். நான் அதில் காலைத் திணித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நொண்டாமல் நடப்பேன். சின்னதாக இருக்கிறது என்று சொன்னால், பிறகு பெட்டியே வராது என்று பயம்.

நீங்கள் பொல்லாதவர் இல்லை. மஞ்சள் அடித்ததைப் படித்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

கிறிஸ்மேலியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. இருந்தும் மூன்று வாரமாக அவள் நல்ல பிள்ளையாகிவிட்டாள். பீன்ஸைப் பார்த்தாலே தட்டைத் தள்ளுகிறவள், இப்போது ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்கிறாள். தின்றுவிட்டுத் தட்டை என்னிடம் காட்டுகிறாள். அவள் தலைமுடி உங்களுக்குத் தெரியும். ஊரைக் கூட்டாமல் பின்ன முடியாது. இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்கும், சத்தம் வராது. மூலைக் கடைக்குக் கூட்டிப்போனால் மிட்டாய் கேட்பதில்லை. கடைக்காரர், "என்ன யூதி, மகளுக்கு என்ன குடுக்கற? இப்படி அடங்கிட்டா?" என்கிறார். எனக்குத் தெரியும் அது என்னவென்று. நானும் அப்படித்தான் இருந்தேன், இவானோ. நல்ல பிள்ளையாக இருந்தால் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்று நினைத்தேன். அம்மா போன பிறகும், போதுமான அளவு நல்ல பிள்ளையாக இல்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் நல்ல பிள்ளையானேன்.

வழக்கைப் பிப்ரவரிக்கு ஒத்திவைத்துவிட்டார்கள். அதற்குள் தூதரகம் இருக்காது. பனாமா என்ன கேட்கும் என்று பாப்போவுக்கே தெரியவில்லை. நான் இந்த விசாவை விட்டால் மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் வரிசை, விசாரணை, விடியல். நீங்கள் காத்திருக்கிற ஆள் இல்லை. ஒரு குழாய் சொட்டுவதைக் காலைவரை பொறுக்காதவர். எத்தனை வருஷம் பொறுப்பீர்கள்?

எனக்கு வாதாடச் சக்தி இல்லை. களைத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி 14ஆம் தேதி விமானத்தில் ஏறுகிறேன். அத்தையிடம் பேசிவிட்டேன். கிறிஸ்மேலியிடம் புறப்படுவதற்கு முந்தின நாள் சொல்வதாக இருக்கிறேன். அம்மாவும் என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

யூதெல்கா பெரால்த்தா


லா ஸ்பெசியா
7 டிசம்பர் 2014

யூதி,

இதைத் தபாலில் போடவில்லை. முடி திருத்தும் கடை வைத்திருக்கும் உங்கள் ஊர் யாஹைரா, பண்டிகைக்கு நாளை ஊருக்குப் புறப்படுகிறாள். அவள் கையில் கொடுக்கிறேன். மாவோவில் இறங்கியதும் முதல் வேலையாக உன்னிடம் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், நீ வைப்பாய்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்தேன். கோபம் வந்தது. என்னை மட்டும் குற்றவாளியாக்குகிறாய், அறைக்கு இரண்டு முறை வர்ணம் அடித்தவன் நான், என்றெல்லாம் பதிலை மனதில் எழுதிக்கொண்டே உன் அம்மாவிடம் கோட்டு வாங்கப் போனேன். அவர் வேலை செய்கிற வீட்டுக்கு. கப்பல் பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிழவர், தொண்ணூறு தாண்டியவர். உன் அம்மா அவர் கையை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. சத்தம் போடாம உக்காருங்க. இப்பதான் மனசு வெச்சுக் கையக் குடுத்திருக்கார்."

"கோட்டு ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, தோன்யா" என்று உங்கள் ஊர் மரியாதையோடு கேட்டேன்.

"அலமாரில தொங்குது. தோள் கொஞ்சம் பெருசா இருக்கும். வந்து நாலு நாள் சாப்பிட்டா சரியாயிடும்."

நான் எடுக்கவில்லை. ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியாது. "இங்க வந்தப்புறம் நீங்க முதல் தடவ ஊருக்குப் போனீங்களே, அப்ப யூதி என்ன பண்ணா?" என்று கேட்டேன்.

"யூதியா? ரொம்ப அழகா நடந்துக்கிட்டா. நாற்காலிய எடுத்துத் துடைச்சுப் போட்டா. அத்தை வீட்டுல விருந்தாளிக்குன்னு வெச்சிருந்த கிளாஸ்ல ஜூஸ் ஊத்தி, கீழ தட்டு வெச்சுக் கொண்டாந்தா. 'பயணம் சௌகரியமா இருந்துச்சா சென்யோரா'ன்னு, முதலாளியம்மாவக் கேக்கற மாதிரி கேட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? குடிச்சேன். கிளாஸ வாங்கிட்டு உள்ள போயிட்டா."

நகவெட்டி நின்றுவிட்டது. கிழவர் விரலை ஆட்டி, "ம்?" என்றார். "ஒண்ணுமில்ல அப்பா, அடுத்த விரலக் குடுங்க" என்றார் உன் அம்மா.

"அப்ப ஏன் அவ மட்டும் முதல்ல வரட்டும்னு எங்கிட்ட சொன்னீங்க?"

உன் அம்மா அடுத்த விரலின் நகத்தை வெட்டி முடித்தார்.

"வேற எப்படிச் சொல்றது மாப்பிள்ளை? அவளும் அப்படியே வந்துட்டா, வேற வழி இல்லாமத்தான் நானும் வந்தேன்னு ஆயிடும்ல?"

கோட்டை எடுக்காமல் வந்துவிட்டேன்.

யூதி, வராதே.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அந்த விசா காலாவதியாகட்டும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் கீழே இறங்கும்வரை இரண்டு நாள் பேனா எடுக்கவில்லை. இங்கே நான்கு நாடுகளிலிருந்து பழம் இறக்குகிறோம். பழத்தைப் போலவே தாயைக் கொண்டுவந்து பிள்ளையை விட்டுவரும் இந்த ஏற்பாட்டை உங்கள் ஊரும் என் ஊரும் சேர்ந்து இருபது வருஷமாக நடத்திக்கொண்டிருக்கின்றன. எந்தத் தூதரகமும் இல்லாமல் அது ஒழுங்காக ஓடுகிறது. அதில் நான் ஒரு ஆளாக இருக்க மாட்டேன்.

இனி நடக்க வேண்டியது. பிப்ரவரியில் நீதிபதி ஒத்திவைத்தால் வைக்கட்டும். அடுத்த தேதிக்கு நீ போ. தீர்ப்பு வந்த பிறகு பனாமாவில் இரண்டு கோப்பையும் சேர்த்தே கொடுப்போம். உன் கோப்பு தனியாகப் போகக் கூடாது. பனாமா முடியாது என்றால் வேறு என்ன வழி என்று அப்போது பார்க்கலாம். மன்சானில்லோவில் நிரந்தரமாக ஆள் போடுவார்களா என்று முதலாளியிடம் கேட்டேன். சிரித்தார். மறுபடியும் கேட்பேன். விடுமுறை சேர்த்து ஈஸ்டருக்கு அங்கே வருகிறேன்.

எத்தனை வருஷம் பொறுப்பீர்கள் என்று கேட்டிருந்தாய். எனக்குப் பொறுமை வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வரவில்லை. தினமும் எரிச்சல் வரும். போனில் கத்துவேன். அந்த நீதிபதியைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாததெல்லாம் சொல்வேன். ஆனாலும் இங்கேதான் இருப்பேன். எரிச்சலோடு காத்திருந்தாலும் அது காத்திருப்பதுதானே.

புறப்படுவதற்கு முந்தின நாள் கிறிஸ்மேலியிடம் சொல்வதாக எழுதியிருந்தாய். இதைப் படித்த உடனே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு, அம்மா எங்கேயும் போகவில்லை என்று. ஒரு முறை சொன்னால் நம்ப மாட்டாள். தினமும் சொல். அவள் மறுபடியும் தட்டைத் தள்ளிவிட்டு, தலை பின்னும்போது தெருவே ஓடிவரும்படி கத்துகிற நாள் வந்தால், அடிக்காமல் எனக்குப் போன் போடு. அந்தச் சத்தத்தை நான் கேட்க வேண்டும்.

இவானோ